இன்னும் ஓர் அறை

அன்றைக்கு என் குரூப்பில் வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக நான் அவர்களைத் திட்டத்தான் போகிறேன். ஒருவருக்கொருவர் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார்கள். முட்டிவலிக்காரருக்குப் படியில் கை கொடுத்தார்கள். மிட்டாய் டப்பா ஒன்று பஸ்ஸின் கடைசி சீட்டு வரை போய், எனக்கும் டிரைவருக்கும் மிச்சம் வைத்துத் திரும்பி வந்தது. அந்த நல்லவர்கள் அத்தனை பேருக்கும் என் அம்மா செத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். எனக்குத் தெரியாது. நான் அவர்களுக்கு ராஜாவின் கட்டிலைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

நான் அரண்மனை கைடு. எங்கள் கம்பெனி ஒரே நாளில் மூன்று அரண்மனையைச் சுற்றிக் காட்டும். மற்ற கைடுகள் போரையும் கோட்டையையும் கட்டிக்கொண்டு அழுவார்கள். என் சரக்கு வேறு. நாற்காலி, மேசை, கட்டில், அலமாரி. ராஜா யாரோடு சண்டை போட்டார் என்பதைவிட எதில் உட்கார்ந்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். சண்டை போடுவதில் ராஜாக்கள் எல்லோரும் ஒரே மாதிரி. உட்காரும்போதுதான் ஆள் யாரென்று தெரியும். "என் சின்ன மக வாயை வாடகைக்கு விட்டுப் பொழைக்கிறா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். பெருமையாகத்தான் சொல்வாள். வீட்டில் எனக்குப் பெயரே வாயாடிதான்.

அந்த வாரம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். நுரையீரலில் நீர். அக்காவும் நானும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். முந்தின நாள் கொஞ்சம் தேறி, கஞ்சியில் உப்பில்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டாள். சண்டை போடுகிறாள் என்றால் பிழைத்துவிட்டாள் என்று அக்கா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இருந்தாலும் மனசு கேட்காமல் மேனேஜரிடம் லீவு கேட்டேன்.

"இந்த ஒரு குரூப்ப மட்டும் முடிச்சுக் குடும்மா" என்றார். "மர சாமான் பார்க்கவே வர்றாங்க. உன்ன விட்டா சொல்ல ஆள் இல்ல. ஏதாவது ஒண்ணுன்னா நானே கார் வச்சு அனுப்பிடறேன். பெரிய அரண்மனைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல ஒரு பாலம்தானே?"

ஒரு பாலம்தான். நான் நம்பினேன்.

அரண்மனைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கைடுக்கும் அதே சட்டம். பஸ்ஸிலேயே எல்லோருடைய போனையும் ஒரு பையில் போட்டு மேனேஜர் மடியில் வைத்துக்கொள்வார். கைடின் போன் அடித்தால் அவரே எடுத்துப் பேசுவார். அதிலும் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: கைடுக்குக் கெட்ட செய்தி வந்தால், குரூப் இறங்கிய பிறகுதான் சொல்வார்கள். அழுதுகொண்டிருக்கும் கைடை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாடிப்படியில் விழுந்த பிள்ளை, வீட்டில் தீ, எதுவானாலும் குரூப் இறங்கட்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் விநோதமாக நினைத்ததும் இல்லை.

பஸ் ஏறியதும் நான் செய்கிற முதல் வேலை எல்லோருக்கும் மனசுக்குள் பட்டப்பெயர் வைப்பது. அன்றைக்கு முன் சீட்டில் இருந்தவர் ரிட்டயரான இஞ்சினியர். வாயைத் திறந்தால் கேள்வி. அவர் கேள்வி மன்னர். ஏசி காற்றுக்குப் பயந்து ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கணவர் தோளில் ஒண்டியிருந்த அம்மாவுக்கு ஸ்வெட்டர் அம்மா என்று பெயர் வைத்தேன். பின்னால் ஒரு புதுஜோடி. மற்றவர்கள் கலவை.

முதல் இரண்டு அரண்மனையும் வழக்கம் போலத்தான் போயின. கேள்வி மன்னர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கினார். இது தேக்கா, ஈட்டியா? ஆணி அடிச்சதா, அடிக்காததா? தந்தம் நிஜமா, எலும்பா? முட்டிவலிக்காரர் உட்கார இடம் தேடினார். அரண்மனையில் அதுதான் கொடுமை. எங்கு பார்த்தாலும் நாற்காலி, ஒன்றிலும் உட்காரக் கூடாது. புதுஜோடிக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே நேரம் போதவில்லை. யாரோ கழிப்பறை கேட்டார்கள், யாரோ சாப்பாடு எப்போது என்றார்கள். நான் ஆட்களின் முகத்தைப் பார்க்க மாட்டேன், காலைப் பார்ப்பேன். முகம் மரியாதைக்குச் சிரிக்கும். கால் மட்டும் வாசல் பக்கம் திரும்பி நிற்கும். அப்படித் திரும்பினால் இரண்டு அறையைக் கழித்துவிட்டு வேகமாக வெளியே கூட்டி வந்துவிடுவேன். இந்த வித்தையால்தான் என் டூர் எப்போதும் சொன்ன நேரத்துக்கு முடியும்.

பெரிய அரண்மனை வாசலில் பஸ் நின்றதும் நான் மட்டும் முதலில் இறங்கினேன். உள்ளே போக என் லைசன்ஸைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். வரிசை கொஞ்சம் நீளம். அந்த நேரத்தில்தான் அக்காவின் போன் வந்திருக்கிறது. பஸ்ஸுக்குள் என்ன நடந்தது என்பதை ஸ்வெட்டர் அம்மா பிற்பாடு எனக்கு வரிக்கு வரி சொன்னாள்.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றாராம். "ஒரு சங்கடமான விஷயம். நம்ம கைடோட அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. மூச்சுத் திணறல் அதிகமாயிடுச்சாம். இவங்கள உடனே வரச் சொல்லி இவங்க அக்கா பேசினாங்க."

பஸ் முழுக்க உச்சுக் கொட்டியது.

"அனுப்பறதுல எனக்கு ஒண்ணும் இல்ல" என்று மேனேஜர் தொடர்ந்தார். "ஆனா லைசன்ஸ் இருக்கற கைடு இல்லாம உள்ள விடமாட்டாங்க. மர சாமான் பகுதிய வாரத்துல ஒரு நாள்தான் திறப்பாங்க. இன்னைக்கு விட்டா நீங்க பார்க்க முடியாது. அதான் உங்கள எல்லாம் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

"உள்ள எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டது கேள்வி மன்னர்தான்.

"ஒரு மணி நேரம். அவங்க கரெக்டா முடிச்சிடுவாங்க."

"ஒரு மணி நேரத்துல என்ன ஆயிடப் போகுது? டாக்டருங்க பக்கத்துலயே இருக்காங்க. இவங்க போய் என்ன பண்ணப் போறாங்க?"

"இப்ப சொன்னா பதறிப் போயிடுவாங்க" என்றார் முட்டிவலிக்காரர். "முடிச்சிட்டு நிம்மதியா போகட்டுமே."

புதுப்பெண் மட்டும், "சொல்லிடலாமே" என்றாளாம். புருஷன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். அவள் அதற்குமேல் பேசவில்லை. ஸ்வெட்டர் அம்மா வாயே திறக்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள், அவளும் ஆட்டினாள்.

நான் முத்திரை வாங்கிக்கொண்டு பஸ் படியில் ஏறி, "வாங்க வாங்க, ராஜா காத்துட்டு இருக்கார்" என்றேன். அவர்கள் இறங்கிய அழகை நான் கவனித்திருக்க வேண்டும். ஒருத்தரும் தள்ளிக்கொள்ளவில்லை. புதுப்பெண் இறங்கும்போது என் கையை ஒரு தடவை பிடித்து விட்டாள். தடுக்கிவிடுவாள் போல என்று நினைத்து நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே முதல் கூடத்தில் இருப்பது எதிரும் புதிருமாக இரண்டு பேர் உட்காரும் நாற்காலி. ஒரு இருக்கை இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், கைப்பிடி நடுவில் பாம்பு போல வளைந்து போகும். உட்கார்ந்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும், ஒருவருக்குப் பின்னால் இருக்கும் கதவு மற்றவருக்குத் தெரியும். "ராஜா இதத் தன் மச்சானோட பேசறதுக்காகச் செஞ்சார்" என்றேன். "மச்சான் பின்னால யாரு வர்றான்னு ராஜா பார்ப்பார். ராஜா பின்னால யாரு வர்றான்னு மச்சான் பார்ப்பார். மாமன் மச்சான் உறவுக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் இன்னிக்கு வரைக்கும் யாரும் செய்யல."

கூடமே அதிரச் சிரித்தார்கள். இந்த ஜோக்கை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், பாதிப் பேர் புன்னகைப்பார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு முட்டிவலிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கால்களைப் பார்த்தேன். அத்தனை காலும் என்னைப் பார்த்து நின்றன.

கைடுகளின் பிழைப்பு எப்படிப்பட்டது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வருஷக்கணக்காக, கொட்டாவி விடுகிறவர்களிடமும் பை தோண்டுகிறவர்களிடமும் பேசிப் பேசியே தேய்ந்தவர்கள் நாங்கள். என்றைக்காவது ஒரு கூட்டம் கண்ணும் கருத்துமாகக் கேட்டுவிட்டால் எங்களுக்குத் தலைகால் புரியாது. வழக்கமாக விட்டுவிடும் கதையெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. பயண மேசையில் ரகசிய இழுப்பறைகள் உண்டு. எப்போதும் ஒன்றைத்தான் திறந்து காட்டுவேன். அன்றைக்கு எல்லாவற்றையும் திறந்தேன். ரசம் போன நிலைக்கண்ணாடியின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, தச்சன் அங்கே சுரண்டி வைத்த தன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். கேள்வி மன்னர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மனுஷனை மடக்கிவிட்டேன் என்று உள்ளுக்குள் குதித்தேன்.

கட்டில் அறைக்கு வந்தோம். நான்கு தூண், மேலே விதானம், ஏறுவதற்குத் தனியாக ஒரு படி. ஆனால் கட்டிலின் நீளம் குறைவு. "ராஜா குள்ளம் இல்ல" என்றேன். "கால நீட்டி மல்லாந்து படுத்தா செத்தவன் மாதிரி இருக்கும்னு அவருக்குப் பயம். அதனால முதுகுக்குத் தலையணை அடுக்கி, சாஞ்சு உட்கார்ந்தபடியேதான் தூங்குவார்." அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் தந்த தைரியத்தில் இன்னொன்றும் சொன்னேன். "எங்கம்மாவும் இப்ப இப்படித்தான். ஆஸ்பத்திரியில நாலு தலையணை வச்சுச் சாஞ்சு உட்கார்ந்துட்டு, நர்ஸுங்கள விரட்டிட்டு இருக்காங்க. பார்த்தா ராணியே தோத்துடுவா."

ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ இருமினார்கள். சொந்தக் கதையைச் சொல்லிச் சூட்டைக் குறைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று என்னை நானே கடிந்துகொண்டு, பேச்சை மாற்றினேன்.

அப்போதுதான் மேனேஜர் வந்தார். அவர் அரண்மனைக்குள் வருகிற ஆளே இல்லை. அறை வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஒரு மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. நான் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்ததாம். அம்மாவை நான் பார்ப்பதற்கும் பார்க்காமல் போவதற்கும் நடுவில் அவருடைய அந்தக் கூச்சம்தான் நின்றது.

நான் குரூப்பைப் பார்த்துச் சிரித்தேன். "மேனேஜருக்குப் பசி வந்துடுச்சு. உள்ள இன்னும் ஒரு அறை இருக்கு. அது பூட்டின அறை, யாருக்கும் காட்டறதில்ல. சாவி வச்சிருக்கற அண்ணன் எனக்குத் தெரிஞ்சவர். என்ன சொல்றீங்க, கிளம்பிடலாமா, பார்த்துட்டே போயிடலாமா?"

கேட்டேன். நானே கேட்டேன், அவர்களிடமே கேட்டேன். கிளம்பிடலாம் என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் போதும். பசிக்குது, கால் வலிக்குது, தலை சுத்துது, எந்தப் பொய்யாவது. காலையிலிருந்து ஓயாமல் புலம்பிய கூட்டத்துக்கு அந்த நேரத்தில் ஒரு புலம்பல் வரவில்லை. நாம் அவசரப்படுத்தினால் ஏன் என்று கேட்பாளே என்று ஆளாளுக்குப் பயம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் கேள்வி மன்னர் தரையைப் பார்த்துக்கொண்டே, "உங்க இஷ்டம்மா" என்றார்.

என் இஷ்டப்படி இன்னும் ஓர் அறைக்குக் கூட்டிப் போனேன்.

அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான். கருங்காலியில் செய்தது, உயர்ந்த முதுகு, அதில் மார்பு உயரத்துக்கு இரண்டு துளை. பெல்ட் கோத்து இழுக்க வசதியாக அறுத்த துளை. என்னிடம் இருப்பதிலேயே பெரிய கதை இதுதான். ஜன்னலைச் சாத்தச் சொல்லி, குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தேன். ராஜா திடீரென்று செத்துப்போனார். பட்டத்துக்கு வர வேண்டிய மகன் எல்லையில் படையோடு இருந்தான். செய்தி வெளியில் போனால் சண்டை பாதியில் நின்றுவிடும் என்று மந்திரிகள் கூடிப் பேசினார்கள். செத்த ராஜாவுக்குப் பட்டுடுத்தி, இந்த நாற்காலியில் உட்கார வைத்து, இந்தத் துளை வழியாக வார் போட்டுக் கட்டினார்கள். மாடத்தில் வைத்து, தூரத்தில் நிற்கும் ஜனங்களுக்குத் தரிசனம் கொடுக்க வைத்தார்கள்.

"சமையல்காரனுக்குத் தெரியும்" என்றேன். "துணி வெளுக்கறவனுக்குத் தெரியும். விசிறி வீசறவளுக்குத் தெரியும், வாசல் காவக்காரனுக்குத் தெரியும். ஊருக்கே தெரிஞ்ச விஷயம். பெத்த பிள்ளைக்கு மட்டும்தான் தெரியாது. அவன் அங்க ஜெயிச்சிட்டு, அப்பா என்ன சொல்வாரோன்னு குதிரையில பாட்டுப் பாடிட்டு வந்தான்."

ஸ்வெட்டர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் கணவர் பின்னாலேயே போனார். புதுப்பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். என் கதைக்கு இதுவரை யாரும் அழுததில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். மகன் படியேறி வருவதை, ஒவ்வொருத்தரும் வழிவிட்டு ஒதுங்குவதை, அவன் அப்பா காலில் விழப் போவதை. நான் சொன்னதில் பாதி நானாகச் சேர்த்தது.

முடித்தபோது அவர்கள் கைதட்டினார்கள். சும்மா மரியாதைக்குத் தட்டுவது இல்லை. நிறுத்த மனசில்லாமல், நிறுத்தினால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் இரண்டு கையையும் கூப்பி நின்றேன். என் தொழிலில் அவ்வளவு சந்தோஷமாக நான் நின்றதே இல்லை. அம்மாவிடம் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

பஸ் பக்கத்தில் மேனேஜர் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். "கொஞ்சம் தண்ணி குடிம்மா" என்றார். அந்த 'ம்மா' வழக்கத்தைவிடக் குழைவாக இருந்தது.

"என்ன?"

"பதறாத. அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸாம். இப்பதான் போன் வந்துச்சு. டாக்சி சொல்லிட்டேன், இதோ வந்துடும்."

"இப்ப இல்லம்மா" என்றாள் ஸ்வெட்டர் அம்மா. அவள் பஸ் படியில் உட்கார்ந்திருந்தாள், முகம் வீங்கியிருந்தது. "நீங்க முத்திரை வாங்க இறங்கினப்பவே வந்துச்சு. எங்க எல்லாருக்கும் தெரியும்."

திரும்பிப் பார்த்தேன். குரூப் முழுக்க நின்றிருந்தது. கேள்வி மன்னர் ஓர் அடி முன்னால் வந்தார். "நல்லதுக்குத்தான் செஞ்சோம்மா. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்னு..."

ஊரில் உள்ள கெட்ட வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "மச்சான் ஜோக்குக்கு அப்படிச் சிரிச்சீங்களே" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

டாக்சியில் ஸ்வெட்டர் அம்மா கேட்காமலே என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பாலம் முழுக்கப் பேசினாள். யார் என்ன சொன்னார்கள், யார் எப்படித் தலையாட்டினார்கள், தான் எப்படி வாயைத் திறக்கவில்லை. நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்வேன் என எதிர்பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், "பஸ்ஸுல எல்லாரும் காத்துட்டு இருப்பாங்க" என்று அதே டாக்சியில் திரும்பிப் போய்விட்டாள்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. என்னைக் கட்டிக்கொள்ளவில்லை.

"வந்துட்டியா" என்றாள். "முடிஞ்சிடுச்சு. கொஞ்ச நேரம் முன்னாடிதான்."

நான் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, எனக்கு இப்பதான் சொன்னாங்க."

"நான் கூப்பிட்டப்பவே உன்கிட்ட சொல்லிட்டேன்னார் உங்க மேனேஜர். கார்ல ஏத்தி விட்டுட்டேன், வந்துட்டே இருக்கான்னார். திரும்பவும் கூப்பிட்டேன். டிராஃபிக்னார். அம்மா கேக்கறப்பல்லாம் நானும் அதையேதான் சொன்னேன். வந்துட்டே இருக்கா, பாலத்துகிட்ட வந்துட்டா." அக்காவின் குரலில் கோபம்கூட இல்லை. "பல் செட்டை எடுத்துக் குடுன்னு கேட்டாங்க. மூச்சுக்கே வழியில்லாதப்ப பல் எதுக்கும்மான்னேன். வாயாடி வந்தா பொக்கை வாயப் பார்த்துக் கேலி பண்ணுவா, வச்சு விடுன்னாங்க. நர்ஸ் வேணாம்னு எவ்வளவோ சொன்னாங்க. கேக்கல. பல்லை வச்சுட்டு வாசலையே பார்த்துட்டு இருந்தாங்க."

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. மேனேஜருக்குத் தெரியும், குரூப்ல இருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லல."

சொல்லும்போதே அது என் காதுக்கே கதை போலக் கேட்டது. அரண்மனையில் நான் சொல்வதில் பாதி என் கைச்சரக்கு என்று அக்காவுக்குத் தெரியும். நானே அவளிடம் பெருமையடித்திருக்கிறேன். அப்பா போனபோதும் நான் வெளியூரில் குரூப்போடு இருந்தேன், எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தேன். அன்றைக்கும் ஒரு காரணம் சொன்னேன், அதுவும் நிஜமான காரணம்தான்.

உள்ளே போனேன். தலையணைகளை எடுத்துவிட்டு அம்மாவை மல்லாத்திப் படுக்க வைத்திருந்தார்கள். உதடு கொஞ்சம் பிரிந்து பல் வரிசை தெரிந்தது. சிரிக்கப் போகிறவள் போல இருந்தாள். "அம்மா" என்று மெதுவாகக் கூப்பிடத்தான் நினைத்தேன். நாள் முழுக்கக் கூடத்தின் கடைசி ஆளுக்குக் கேட்கும்படி பேசிய தொண்டை. அந்தக் குரல்தான் வந்தது. வார்டில் இருந்த நோயாளிகள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"உண்மையச் சொல்லு. சொல்லியிருந்தா, பாதியில விட்டுட்டு வந்திருப்பியா?"

"வந்திருப்பேன்."

அக்கா என்னையே பார்த்தாள். நம்ப வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான், அது முகத்தில் தெரிந்தது. முயற்சி செய்தாள். பிறகு, "சரி" என்றாள். என் அக்காவை எனக்குத் தெரியும், அவள் நம்பவில்லை.

நர்ஸ் கையுறையோடு வந்தாள். "உடம்பு இறுகிடும். பல் செட்டை இப்பவே எடுத்துடலாமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"பார்த்துட்டியா?"

பார்த்துவிட்டேன் என்று தலையாட்டினேன்.

"எடுத்துடுங்க" என்றாள் அக்கா.